மருந்து அடித்த மண்ணில் உயிர் இருக்கிறதா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் சாக்கோட்டை வட்டாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. இரண்டு ஏக்கர் கண்மாய்ப் பாசனத்தில் புழுதி விதைப்பு நெல், ஒரு ஏக்கர் போர்த் தண்ணீரில் கடலை. மாமனார் காலத்திலிருந்தே மருந்து அடித்துத்தான் விவசாயம். நெல்லுக்குக் களைக்கொல்லியும் குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்தும், கடலைக்கு விதைநேர்த்தியில் கார்பெண்டசிமும் இலைப்புள்ளிக்கு மான்கோசெப்பும் என்று பூசணக்கொல்லிகளும் போடுகிறோம். சில வருடம் காப்பர் ஆக்சிகுளோரைடும் அடித்திருக்கிறோம். “முன்னெல்லாம் முதல் மழைக்கு மண்ணு மணக்கும், இப்ப அந்த மணத்தைக் காணோம், மண்ணு செத்துப் போச்சு” என்கிறார் அத்தை. தனியார் ஆய்வகம் ஒன்றில் கேட்டோம். மண்ணை நிழலில் உலர்த்திக் கொண்டுவரச் சொன்னார்கள். கிராமுக்கு பாக்டீரியா 32 லட்சம், பூஞ்சை 12 ஆயிரம், ஆக்டினோமைசீட்ஸ் (இழையாக வளரும் ஒரு பாக்டீரியா வகை) 80 ஆயிரம் என்று தாள் வந்தது. மூன்றுக்கும் எதிரில் ‘குறைவு’ என்று போட்டிருக்கிறது. ஏக்கருக்கு ஒரு லிட்டர் நுண்ணுயிர்க் கரைசலைத் தண்ணீரோடு விட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். மண் நிஜமாகவே செத்துவிட்டதா? மருந்துதான் காரணமா? எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் மண் சாகவில்லை. செத்த மண்ணில் கிராமுக்கு 32 லட்சம் பாக்டீரியா முளைக்காது. அதற்காக, “பார்த்தீர்களா, மருந்து ஒன்றும் செய்யவில்லை” என்று இதே தாளைக் காட்டி யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இந்தத் தாளால் முடியாது. ஏன் முடியாது என்று முதலில் சொல்லிவிட்டு, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

இந்த எண்ணிக்கையை எடுக்கும் விதம் இதுதான். பத்து கிராம் மண்ணைக் கிருமி நீக்கிய தண்ணீரில் கலக்குவார்கள். அதில் ஒரு மில்லியை எடுத்து ஒன்பது மில்லி தண்ணீரில் விடுவார்கள். அதிலிருந்து இன்னொரு மில்லி, அதிலிருந்து மறுபடி ஒன்று என்று பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய், கடைசிக் கரைசலை அகார் என்ற சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் விட்டு, சில நாள் கழித்துக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை எண்ணுவார்கள். பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் மண்ணில் இருக்கும் பாக்டீரியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான் அந்தத் தட்டில் வளரும். அம்மோனியாவை நைட்ரேட்டாக, அதாவது பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தாக, மாற்றும் பாக்டீரியா சாதாரண அகாரில் தலைகாட்டுவதே அரிது. கடலை வேருக்குள் புகுந்து மணிச்சத்தை இழுத்துத் தரும் வேர் உட்பூசணம், உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. அதனால் அது தட்டில் வரவே வராது. மறுபக்கம், மண்ணில் சும்மா உறங்கிக் கிடக்கும் பூஞ்சை வித்துகள்கூடத் தட்டில் சாப்பாட்டைக் கண்டதும் விழித்துப் புள்ளி புள்ளியாக நிற்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிவிட்டு, கோட்டையடுப்புப் பக்கம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்வது போன்றதுதான் இது.

அதோடு, மண்ணை உலர்த்திக் கொண்டுவரச் சொன்னதே இந்தச் சோதனைக்குப் பொருந்தாது. தழை, மணி, சாம்பல் சத்து பார்க்க நிழலில் உலர்த்திய மண் சரி. நுண்ணுயிர் பார்க்க மண் வயலில் இருந்த ஈரத்தோடு போக வேண்டும். உலர்த்தினால் பூஞ்சை இழைகளும் மென்மையான பாக்டீரியாவும் மடியும். உங்கள் தாளில் இருக்கும் குறைவில் மருந்து செய்தது எவ்வளவு, உலர்த்தியது செய்தது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, ‘குறைவு’ என்றால் எதைவிடக் குறைவு என்பது. தஞ்சாவூர் வண்டலை விடவா? உங்கள் செம்மண், சரளை கலந்த மண். அங்ககக் கரிமம், அதாவது மக்கிய தழையும் சாணமும் மண்ணில் சேர்க்கும் கரிமம், அரை சதவீதத்துக்குக் கீழே கிடப்பது நம் பக்கம் சாதாரணம். அப்படிப்பட்ட மண்ணில் மருந்தே காட்டாமல் விவசாயம் செய்தாலும் நுண்ணுயிர் எண்ணிக்கை வண்டல் மண்ணுக்கு ஈடாகாது. ஆகவே உங்கள் மண்ணை உங்கள் மண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அதே வயல், அதே நாள், அதே ஈரம், மருந்து அடித்த பட்டமும் (நீளவாக்கில் பிரித்த துண்டு நிலம்) அடிக்காத பட்டமும் பக்கத்துப் பக்கத்தில். நான் சொல்ல வருவதில் முக்கால் பங்கு இந்த ஒரு வரிதான்.

“மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு மண், பின்னால் ஒரு மண் எடுத்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். நம் ஊருக்கு அது நிச்சயம் போதாது. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து கிடக்கும் மண்ணில் நுண்ணுயிர்களில் நிறைய மடிந்துவிடும், மிச்சம் உறங்கும். ஆவணியில் ஒரு நல்ல மழை விழுந்த ஓரிரு நாளில் மண்ணின் மூச்சு, அதாவது அது வெளிவிடும் கரியமில வாயு, பல மடங்கு எகிறும். மடிந்த நுண்ணுயிர்களும் கரைந்து வந்த கரிமமும் பிழைத்திருப்பவற்றுக்குத் தீனியாவதால் வரும் எழுச்சி இது. பர்ச் என்ற ஆய்வாளர் 1958இல் எழுதியதிலிருந்து மண்ணியலில் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் அது அடங்கிவிடும். நீங்கள் மழைக்கு மறுநாள் ஒரு மண்ணும், மருந்து அடித்துப் பத்து நாள் கழித்து ஒரு மண்ணும் எடுத்தால் பெரிய சரிவு தெரியும். பழி மருந்து மேல் விழும். மாற்றி எடுத்தால் மருந்து அடித்ததால் மண் செழித்தது என்று வரும். இரண்டும் தவறு.

உலக அளவில் ஒரு மருந்தைப் பதிவு செய்வதற்கு முன் மண் நுண்ணுயிர் மேல் அதன் விளைவைப் பார்க்க ஒரு நடைமுறை இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 216, 217 என்ற இரண்டு சோதனை நெறிகள். முதலாவது தழைச்சத்து மாற்றத்தைப் பார்ப்பது. மண்ணில் பயிர்த்தூளைக் கலந்து, அதிலிருந்து எவ்வளவு நைட்ரேட் உருவாகிறது என்று அளப்பார்கள். இரண்டாவது கரிம மாற்றம். மண்ணுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பார்ப்பார்கள். வயலில் எதிர்பார்க்கும் அதிகபட்ச அளவில் ஒன்று, அதைப்போல் ஐந்து மடங்கில் ஒன்று, மருந்தே இல்லாமல் ஒன்று. 28ஆம் நாள் மருந்திட்ட மண்ணுக்கும் இடாத மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 25 சதவீதத்துக்குள் இருந்தால் நீண்டகாலப் பாதிப்பு இல்லை என்று முடிவு. அதற்கு மேல் போனால் 100 நாள் வரை நீட்டிப் பார்ப்பார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அவர்கள் தலை எண்ணவில்லை. வேலை நடக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாவது, அடித்த மறுநாள் என்ன ஆனது என்பதை வைத்து முடிவு கட்டவில்லை. எத்தனை நாளில் தேறுகிறது என்று பார்க்கிறார்கள். வெயிலே பாதி நுண்ணுயிரைச் சாய்த்து மழை திரும்ப எழுப்பும் ஊரில், ஒரு வாரச் சரிவைக் கண்டு நான் கவலைப்பட மாட்டேன். அடுத்த தடவை மருந்து அடிக்கும் நாள் வந்தும் தேறவில்லை என்றால் கவலைப்படுவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளைச் சுமார் 20 டிகிரி வெப்பத்தில், 40 முதல் 60 சதவீதம் ஈரப்பிடிப்பில் ஆய்வகத்துக்குள் வைத்துச் செய்கிறார்கள், ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக. உங்கள் கடலைக் காட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நான்கு மருந்து விழுகிறது. பதிவு பெற்ற மருந்து என்பதால் உங்கள் மண்ணுக்குத் தீங்கில்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் உங்கள் வயலிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

இனி நீங்கள் குறிப்பிட்ட மருந்துகள். எல்லா மருந்தும் ஒன்றல்ல. பரிந்துரைத்த அளவில் போட்டால் களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் மண் நுண்ணுயிரில் காட்டும் மாற்றம் பெரும்பாலும் தற்காலிகம். பூசணக்கொல்லிகள்தான் கூடுதல் கவனம் கேட்பவை. பூஞ்சையைக் கொல்லவென்றே செய்தது மண்ணில் இருக்கும் நல்ல பூஞ்சையை மட்டும் விட்டுவைக்குமா? கார்பெண்டசிம் மாதக்கணக்கில் மண்ணில் நிற்கக்கூடியது. பெனோமில் என்று ஒரு மருந்து உண்டு, மண்ணில் அது கார்பெண்டசிமாகத்தான் மாறும். வேர் உட்பூசணம் இல்லாவிட்டால் செடி எப்படி வளரும் என்று பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர்கள், அந்தப் பூசணத்தை வயலில் ஒடுக்குவதற்காகவே பெனோமிலை ஊற்றுவார்கள். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நம் செம்மண்ணில், வேர் உட்பூசணத்தை இழப்பது சின்ன நட்டம் இல்லை. மான்கோசெப் சீக்கிரம் சிதையும், ஆனால் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவைக் கொஞ்ச காலம் தடுக்கக்கூடிய இனத்தைச் சேர்ந்தது. குளோர்பைரிபாசில் பார்க்க வேண்டியது அதன் சிதைவுப் பொருளை. டிசிபி என்று சுருக்கிச் சொல்லும் அந்தப் பொருளே பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் கொண்டது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் குளோர்பைரிபாஸ் வேகமாக உடையும், புளிப்பு மண்ணில் மெதுவாகத்தான் உடையும். உங்கள் மண் எந்தப் பக்கம் என்று கார அமில நிலையைப் பாருங்கள்.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது காப்பர்தான். மற்ற மருந்துகள் எல்லாம் கரிமப் பொருள்கள். இன்றோ ஆறு மாதம் கழித்தோ ஏதாவது ஒரு நுண்ணுயிர் அவற்றைத் தின்றுவிடும். காப்பர் என்பது செம்பு, ஓர் உலோகம். அதைத் தின்பாரும் இல்லை, உடைப்பாரும் இல்லை. அடித்தது அடித்த இடத்தில் வருடா வருடம் சேரும். அங்ககக் கரிமம் குறைந்த, புளிப்பான மணற்சாரி மண்ணில் அதைக் கட்டிப் பிடிக்க ஆளில்லாததால் நுண்ணுயிர் மேல் அதன் வேகமும் கூடுதல். நல்ல வேளையாக இதற்குத் தனிச் சோதனை வேண்டாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் பார்க்கிறார்கள். அதில் நுண்ணுயிர் இல்லை, ஆனால் செம்பும் அங்ககக் கரிமமும் கார அமில நிலையும் இருக்கின்றன. வீட்டில் பழைய அட்டை இருந்தால் தேடி எடுங்கள், புதிதாக ஒன்றும் போடுங்கள். செம்பு ஏறிக்கொண்டே வந்தால் காப்பர் மருந்தை நிறுத்திவிடுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

அடிக்கும் அளவையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து அரை லிட்டர் அடித்தால் அதில் உள்ள நிஜ மருந்து 100 கிராம். முழுவதும் மண்ணில் விழுந்து சீராகக் கலந்தால்கூட கிலோ மண்ணுக்கு 0.11 மில்லிகிராம்தான். ஆனால் அது சீராகக் கலப்பதில்லை, முதல் ஒரு சென்டிமீட்டரிலேயே தங்கும். அங்கே செறிவு பதினைந்து மடங்கு. இப்போது மருந்து கலக்கும் இடத்துக்கு வாருங்கள். போர்செட் ஓரமாக ஒரே இடத்தில்தான் கலப்பீர்கள். அங்கே ஒரு சதுர மீட்டரில் 50 மில்லி கொட்டினால், அந்த இடத்து மண்ணில் கிலோவுக்கு 44 மில்லிகிராம். வயலைப்போல் 400 மடங்கு. உங்கள் மூன்று ஏக்கரில் மண் செத்த இடம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கலக்கும் இடமாகத்தான் இருக்கும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் அடித்துவிடுங்கள். ஊருணி, கண்மாய்க்கரை, வாய்க்கால் பக்கம் அந்தத் தண்ணீர் போகவே கூடாது.

மருந்து நுண்ணுயிரைக் கெடுக்கிறது என்பது ஒரு பாதி. நுண்ணுயிர் மருந்தைத் தின்கிறது என்பது மறு பாதி. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயசினான் என்ற பூச்சிமருந்து போட்ட நெல் வயல் தண்ணீரிலிருந்து அந்த மருந்தை உடைக்கும் பாக்டீரியாவை சேதுநாதனும் யோஷிதாவும் பிரித்தெடுத்து 1973இல் வெளியிட்டார்கள். பிறகு சேதுநாதன் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறையையே வளர்த்தார். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி, மருந்து வேலை செய்வதற்கு முன்பே தீர்ந்துபோவதும் உண்டு. கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணையில் இதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே மருந்து அடித்த பின் பாக்டீரியா எண்ணிக்கை கூடியிருந்தால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தைத் தின்னும் நாலைந்து வகை மட்டும் கொழுத்திருக்கலாம், அல்லது செத்த பூஞ்சையைத் தின்று பாக்டீரியா பெருகியிருக்கலாம்.

சரி, வயலில் எப்படிப் பார்ப்பது? கடலையில் தொடங்குங்கள், அதுதான் எளிது. காட்டின் குறுக்கே ஆறு பட்டம் பிரியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று மூன்றில் வழக்கம்போல் மருந்து, மூன்றில் எதுவும் இல்லை. விதைநேர்த்தி மருந்தும் கூடாது. ஒவ்வொரு பட்டத்தின் ஓரத்திலும் இரண்டு வரிசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், தெளிப்பு காற்றில் தள்ளிப் போயிருக்கும். மருந்தில்லாத பட்டத்தில் களையை ஆள் வைத்துக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். களை நின்றால் அதன் வேர் நுண்ணுயிருக்குத் தீனி போடும். பிறகு நீங்கள் பார்க்கும் வித்தியாசம் களையால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரியாது. நிறைய வயல் சோதனைகள் கெடுவது இங்கேதான். மூன்று மூன்று பட்டம் எதற்கு என்றால், மருந்தில்லாத மூன்றுக்குள்ளேயே பெரிய ஏற்ற இறக்கம் இருந்தால் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரிந்துவிடும்.

விதைத்த 40, 45 நாளில் ஒவ்வொரு பட்டத்திலும் பத்துச் செடியை மண்வெட்டியால் அடிமண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர்முடிச்சு, அதாவது தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா குடியிருக்கும் உருண்டை, மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் ஊற வைத்து மெதுவாக அலசுங்கள். கடலையில் வேர்முடிச்சு, பக்கவேர் கிளைக்கும் இடத்தில் சிறு உருண்டையாக ஒட்டியிருக்கும். எண்ணிக் குறித்துக்கொண்டு, பிளேடால் பத்துப் பதினைந்தை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை நடக்கவில்லை. யூரியா அதிகம் போட்டாலும் முடிச்சு குறையும் என்பதால், ஆறு பட்டத்துக்கும் ஒரே அளவு உரம்தான்.

இன்னொரு சோதனைக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் கலந்தது ஆகாது. ஒரு சாண் அகலத் துண்டுகளாகக் கிழித்து, பட்டத்துக்கு நான்கு வீதம், மேல்மண்ணில் செங்குத்தாகப் புதைத்து அடையாளக் குச்சி நடுங்கள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் தோண்டி, லேசாக அலசி, உலர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் படம் எடுங்கள். நுண்ணுயிர் தின்ற துணி மெலிந்து, மஞ்சளும் கறுப்புமாகக் கறை படிந்து, தொட்டால் கிழியும். நம் செம்மண்ணில் ஒரு தொல்லை உண்டு, கரையான். கரையான் தின்ற துணியில் ஓட்டை விளிம்பு கூர்மையாக வெட்டியதுபோல் இருக்கும், ஓரத்தில் மண் பூசியிருக்கும், மிச்சத் துணி உறுதியாகவே இருக்கும். அப்படிப்பட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொசுவலையில் சுற்றிப் புதைத்தால் இந்தச் சிக்கல் குறையும்.

அத்தை சொன்ன மண்வாசனைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மணம் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற ஆக்டினோமைசீட்ஸ் இனம் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அத்தை கவனித்தது அர்த்தமுள்ள கவனிப்பு. ஆனால் மனித மூக்கு அதை மிக மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். மணம் இருந்தால் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. மணம் குறைந்ததற்குக் குப்பை அடிப்பது நின்றுபோனதும் காரணமாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் தொழுவுரம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனித்தேன்.

ஆய்வகத்துக்குப் போவதானால் மூன்று சோதனை கேளுங்கள். மண் சுவாசம், டிஹைட்ரஜனேஸ் நொதி, நைட்ரேட் உருவாகும் வேகம். டிஹைட்ரஜனேஸ் சோதனையில் நிறமில்லாத டிடிசி என்ற உப்பை மண்ணில் சேர்ப்பார்கள். உயிருள்ள நுண்ணுயிர் அதைச் சிவப்பாக மாற்றும், எவ்வளவு சிவப்போ அவ்வளவு இயக்கம். ஆனால் செம்பு அதிகமுள்ள மண்ணில் அந்தச் சிவப்பையே செம்பு குறைத்துக் காட்டும். உங்கள் மண்ணில் காப்பர் மருந்து போயிருப்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. மூன்றில் நான் அதிகம் மதிப்பது நைட்ரேட் சோதனையை. மூச்சு விடுவது எல்லா நுண்ணுயிரும் செய்யும் வேலை, ஒன்று போனால் இன்னொன்று நிரப்பிவிடும். நைட்ரேட் ஆக்குவது சில வகைகளின் வேலை. அவை அடிபட்டால் மறைக்க ஆளில்லை.

மாதிரி எடுப்பது எல்லா மருந்தும் அடிப்பதற்கு முன் ஒரு முறை, அடித்த 7ஆம் நாள், 28ஆம் நாள், அறுவடைக்கு முன் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஆறு பட்டத்திலும் ஒரே காலையில். ஒரு பட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண் எடுத்து, கல்லும் வேரும் நீக்கிக் கலந்து, கால் கிலோவுக்கு மேல் ஒரு பையில் போடுங்கள். வரப்போரம், மர நிழல், குப்பைமேடு இருந்த இடம், உரம் வைத்த குழி எல்லாம் வேண்டாம். பையைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டாதீர்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அன்றே, தப்பினால் மறுநாள், ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். எந்த ஆய்வகம் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் செட்டிநாடு வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் கேளுங்கள். மதுரை வேளாண் கல்லூரியிலும் கேட்கலாம். போகும் முன் இந்த மூன்று சோதனையும் செய்கிறார்களா என்று பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நெல் வயலில் இதை அப்படியே செய்யாதீர்கள். கண்மாய்த் தண்ணீர் ஏறி நின்றதும் மண்ணுக்குள் காற்று அற்றுப்போகும், நைட்ரேட் வாயுவாகிப் போய்விடும், வேறு வகை நுண்ணுயிர் கிளம்பும். மருந்தே இல்லாமல் நடக்கும் மாற்றம் இது. ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் புழுதி விதைப்புக்கு முன்போ, தையில் அறுத்து வயல் காய்ந்த பிறகோ பாருங்கள். நடுவில் பார்க்கவே வேண்டுமென்றால் தனித்தனி வரப்புப் போட்ட பாத்தி வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தண்ணீரோடு பக்கத்துக்குப் போய்விடும்.

கடைக்காரர் சொன்ன கரைசலுக்கு ஒரு கணக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி திரவ உயிர் உரத்தில் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிரணு இருக்க வேண்டும். ஒரு லிட்டரில் பத்தாயிரம் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதை ஒரு ஏக்கர் மேல்மண்ணுக்குப் பங்கிட்டால் கிராமுக்கு 110 வரும். உங்கள் ‘குறைவு’ என்ற தாளிலேயே கிராமுக்கு 32 லட்சம் இருக்கிறது. அங்கே 110ஐக் கொண்டுபோய் என்ன செய்வது? உயிர் உரம் பயனில்லாதது என்று நான் சொல்லவில்லை. அதை விதையிலோ வேரிலோ நேராக ஒட்ட வேண்டும், அங்கே செறிவு கிடைக்கும். கடலை விதைக்கு ரைசோபியம் (வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா) போடுங்கள், நல்ல செலவு. பூசணக்கொல்லியும் போடுவதென்றால் அது முதலில், 24 மணி நேரம் கழித்து ரைசோபியம். டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) போடுவதாக இருந்தால் கார்பெண்டசிமே வேண்டாம், அது டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். என் யோசனை, அடுத்த கடலைக்குக் கார்பெண்டசிமை விட்டு டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம் என்று மாறுங்கள். வேரழுகல் வருகிறதா என்று மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரைசலுக்குப் போகும் பணத்தை மண்ணுக்குத் தீனியாகப் போடுங்கள். அறுவடை முடிந்ததும் கீதாரிகளிடம் பேசி ஆட்டுக்கிடை போடுங்கள். முறைப்படி அனுமதி வாங்கிக் கண்மாய் வண்டல் அடியுங்கள். கடலைக் காட்டில் கொளிஞ்சி என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து மடக்கி உழுங்கள், நம் செம்மண்ணுக்கு அது நன்றாக ஒத்துப்போகும். கரிமம் கூடினால் மருந்தைத் தின்னும் நுண்ணுயிரும் கூடும், செம்பைப் பிடித்து வைக்கவும் மண்ணில் பொருள் இருக்கும். ஆனால் இந்த வருடச் சோதனைப் பட்டங்களில் கிடையோ வண்டலோ போடுவதென்றால் ஆறிலும் சமமாகப் போடுங்கள், அல்லது சோதனை முடியும்வரை பொறுங்கள்.

அடுத்த கடிதம் எழுதும்போது பழைய மண்வள அட்டை, எந்த வருடம் எந்த மருந்து எவ்வளவு என்ற குறிப்பு, முடிச்சு எண்ணிக்கை, துணிகளின் படம், மாதிரி எடுத்த நாளும் அதற்கு முன் கடைசியாக மழை பெய்த நாளும் சேர்த்து அனுப்புங்கள். மருந்துப் பட்டத்துக்கும் மருந்தில்லாத பட்டத்துக்கும் 28ஆம் நாள் கணக்கில் கால் பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அறுவடை வரை காத்திராமல் உடனே எழுதுங்கள். அந்த மருந்துகளில் எதை முதலில் நிறுத்துவது என்று சேர்ந்து பார்ப்போம்.